மனப்பாடம் கைவிடும் இடம்: நர்ஸ் வேலைக்கான அயல்நாட்டுத் தேர்வு பற்றி

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களில், நர்சிங் படித்த பெண் ஒருத்தியாவது இல்லாத தெரு இன்று அரிது. ஒரு காலத்தில் படிப்பு முடிந்ததும் சயான் ஆஸ்பத்திரியிலோ கே.இ.எம்.மிலோ மாநகராட்சி வேலை கிடைத்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வருவோம். இப்போது அந்த ஆசை கடல் தாண்டிப் போகிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரு தேர்வு நிற்கிறது. வார்டில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த பெண்கள்கூட அதில் ஒரு முறை, இரண்டு முறை தவறிவிட்டு, வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போயிற்றே என்று தலை குனிந்து நிற்பதைப் பார்க்கிறேன். வார்டிலும் பிறகு நர்சிங் வகுப்பறையிலும் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில், அவர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். பெண்களுக்கு மட்டுமல்லாமல், பெற்றோர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் படிப்பை முடித்து இறுதித் தேர்வில் தேறினால் அந்தந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறோம். இங்கே மகாராஷ்டிர நர்சிங் கவுன்சில். அமெரிக்காவில் படிப்பு முடித்தாலும் 'என்கிளெக்ஸ்' என்ற லைசென்ஸ் தேர்வில் தேறினால்தான் ஊசியைத் தொட விடுவார்கள். 1982-ல் இந்தப் பெயரில் தொடங்கிய தேர்வு இது. 1994-ல் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறியது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதல் இதையே ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரேலியாவும் 2020 முதல், வெளிநாட்டில் படித்து வரும் நர்ஸ்களில் பலருக்கு இதையே வைக்கிறது. 2005 வரை இதை எழுத அமெரிக்க மண்ணுக்கோ அதன் ஆளுகையிலுள்ள தீவுகளுக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது மும்பையிலேயே எழுதலாம். கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் மேலும் 150 டாலர். ரூபாயில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். சான்றிதழ் சரிபார்ப்பு, விண்ணப்பம், கோச்சிங் கிளாஸ் செலவெல்லாம் தனி.

இனி விஷயத்துக்கு வருவோம். செம்பூர்ப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம். ஏழு வருஷம் காஷுவல்டியில் வேலை பார்த்தவள். இரண்டாவது முறையும் தவறியபின் என்னிடம் வந்தாள். நாலாயிரம் கேள்விகளுக்கு விடை படித்திருந்தாள். நோட்டுப் புத்தகங்கள் மட்டும் ஒரு பை நிறைய. நான் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"நோயாளிக்கு ரத்தம் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிஷம். உடம்பு நடுங்குகிறது, இடுப்பு வலிக்கிறது என்கிறார். முதலில் என்ன செய்வாய்? ஒன்று, டாக்டருக்குச் சொல்வது. இரண்டு, காய்ச்சலும் பி.பி.யும் பார்ப்பது. மூன்று, ரத்தத்தை நிறுத்துவது. நான்கு, எழுதி வைத்திருக்கும் பாராசிட்டமால் கொடுப்பது."

"இரண்டுதான் அக்கா. 'முதலில் அசெஸ்மென்ட், அப்புறம்தான் ஆக்ஷன்'னு கிளாஸில் சொல்லியிருக்காங்க."

"சரி. கிளாஸை விடு. ராத்திரி இரண்டு மணி, உன் வார்டு, உன் நோயாளி. என்ன செய்வே?"

"இதென்ன கேள்வி? கிளாம்பை மூடிட்டுத்தான் மறுவேலை!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

விடை மூன்றுதான். பொருந்தாத ரத்தம் ஒவ்வொரு சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நாடி பிடித்துப் பார்க்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் முதலில் நிறுத்த வேண்டும். பிறகு புதிய குழாயில் நார்மல் சலைன் போட்டு நரம்பு வழியைக் காப்பாற்றி, நாடி, பி.பி., காய்ச்சல் பார்த்து, டாக்டருக்கும் பிளட் பேங்குக்கும் சொல்ல வேண்டும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்றை, கிளாஸில் கொடுத்த ஒரு சூத்திரத்தை நம்பித் தள்ளிவிட்டாள்.

அந்தச் சூத்திரம் பொய்யும் அல்ல. அறுவை முடிந்து வந்த ஒருவருக்கு மூத்திரப் பை காலை முதல் நிரம்பி வந்தது, திடீரென்று ஒரு மணி நேரமாக ஒரு சொட்டும் இல்லை என்று வையுங்கள். நம் வார்டுகளில் பழக்கம் என்ன? "டாக்டர், யூரின் வரலை" என்று ஓடுவோம். தேர்வு எதிர்பார்ப்பது, முதலில் குனிந்து அந்தக் குழாய் எங்காவது மடங்கி நோயாளியின் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதை. இங்கே பார்ப்பது முதலில். அங்கே நிறுத்துவது முதலில். இரண்டுக்கும் வேறுபாடு, தாமதித்தால் ஆபத்து பெருகுமா என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவளுக்குச் சூத்திரம் தேவைப்படாது. கேட்கத் தெரியாதவளுக்குச் சூத்திரமும் இன்னொரு மனப்பாடப் பாட்டாகிவிடும். பகுத்தாராயும் சிந்தனை என்று பாடப் புத்தகங்கள் பெரிய சொல்லாகச் சொல்வது இவ்வளவுதான்: எதற்காக இது முதலில், இதைச் செய்யாவிட்டால் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன ஆகும் என்று யோசிப்பது.

இது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோய் இன்னதென்று பார்த்து, அதன் காரணத்தைப் பார்த்து, தணிக்கும் வழியைப் பார்த்து, பிறகு பிழையில்லாமல் செய் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் மருத்துவத்தின் நான்கு அங்கங்களில் ஒன்றாக வைத்தார். நைட்டிங்கேல் அம்மையாரும் 1859-ல் வெளியிட்ட தம் நூலில், நோயாளியைக் கவனித்துப் பார்ப்பது பற்றியே தனி அத்தியாயம் எழுதினார். நாம்தான் நடுவில் எங்கோ அதை விட்டுவிட்டு, கேள்விக்கு ஏற்ற விடையை ஒப்பிப்பவள் நல்ல மாணவி என்று பழக்கிவிட்டோம். எதிர்த்துக் கேட்காத பெண் நல்ல பெண் என்று வீட்டிலும் சொல்லி வளர்த்தோம். இந்தத் தேர்வறையில் அந்த இரண்டு குணமும் எதிராக நிற்கின்றன.

யாரை முதலில் பார்ப்பது என்ற வகைக் கேள்விகளில்தான் நம்மவர் அதிகம் இடறுகிறார்கள். ஒரு மாதிரி பாருங்கள். டியூட்டி மாறியதும் உங்களுக்கு நான்கு நோயாளிகள். ஒருவர் நேற்று அப்பெண்டிக்ஸ் அறுவை செய்துகொண்டவர். வலி பத்துக்கு ஏழு என்று கத்துகிறார். இன்னொருவர் சர்க்கரை நோயாளி; ரத்தச் சர்க்கரை 210. மூன்றாமவர் நாட்பட்ட நுரையீரல் நோயாளி. ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். நான்காமவர் ஆறு மணி நேரத்துக்கு முன் தைராய்டு அறுவை முடிந்து வந்த அம்மாள். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறார்.

நம் வார்டில் யாரிடம் முதலில் ஓடுவோம்? கத்துகிறவரிடம். அவருடைய உறவுக்காரர்கள் வேறு பத்துப் பேர் நர்சிங் ஸ்டேஷனைச் சூழ்ந்து நிற்பார்கள். விடையோ நான்காமவர். தைராய்டு அறுவையின்போது பக்கத்திலுள்ள சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டோர மரமரப்பு அதன் முதல் அறிகுறி. அடுத்து குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம். அவர் மெதுவாகத்தான் சொன்னார்; ஆனால் நால்வரில் மூச்சு நிற்கக்கூடியவர் அவர் ஒருவரே. அறுவை செய்த மறுநாள் வலி இருப்பது எதிர்பார்த்தது. நாட்பட்ட நுரையீரல் நோயில் 90 என்பது அவருக்கு வழக்கமான அளவு; புத்தகத்திலுள்ள 95-ஐ மனப்பாடம் செய்தவள் இங்கேதான் ஏமாறுவாள். 210 சர்க்கரையைக் கவனிக்க வேண்டும், ஆனால் அது காத்திருக்கும். அந்த நோய்க்கு இது எதிர்பார்த்த அறிகுறியா, எதிர்பாராததா என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், இந்த வகைக் கேள்விகளில் பாதி திரை விலகிவிடும்.

இன்னொன்று. மயக்கம் தெளிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று படபடத்து, சலைன் குழாயைப் பிடுங்குகிறார், கண்டபடி பேசுகிறார். கையைக் கட்டு, தூக்க ஊசி போடு என்பது நாம் பார்த்துப் பழகிய வைத்தியம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தெரிவது இந்தப் படபடப்புதான். கையைக் கட்டும் முன் விரலில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தாளா என்பதே கேள்வி. தூக்க ஊசி போட்டிருந்தால் உள்ள மூச்சும் மங்கிப் போயிருக்கும். இதைத் தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை என்பது படிக்கும் சிஸ்டர்களுக்குத் தெரியும்.

நம் பழக்கம் குறுக்கே நிற்கும் இடங்கள் வேறும் உண்டு. "நான் செத்துப்போய்விடுவேன், இல்லையா சிஸ்டர்?" என்று ஒரு பெரியவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "அப்படியெல்லாம் பேசாதீங்க ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அன்பால் சொல்வதுதான். தேர்வில் இது தவறான விடை. அது பொய்யான ஆறுதல். அதோடு அவர் பேச வந்ததை அப்படியே அடைத்துவிடுகிறது. எதை நினைத்து இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பக்கத்தில் உட்காரும் விடையே சரி. இதில் எனக்கே ஆரம்பத்தில் உடன்பாடில்லை. நம் பெரியவர்களுக்குச் சாவைப் பற்றி நேராகப் பேசுவது பிடிக்காது என்று வாதாடியிருக்கிறேன். இப்போது யோசித்தால், பேசப் பிடிக்காதது அவர்களுக்கா நமக்கா என்று சந்தேகமாக இருக்கிறது.

அதேபோல, யாரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்ற கேள்விகள். அமெரிக்க வார்டில் நர்ஸுக்குக் கீழே பல படிகளில் உதவியாளர்கள் உண்டு. நமக்குத் தெரிந்தது ஆயாம்மாவும் வார்டு பாயும். ஒரு நர்ஸ் ஐம்பது பேரைப் பார்க்கிற இடத்தில், காலையில் வந்த புது நோயாளியை முதலில் பார்ப்பதே ஆயாம்மாதான் என்று ஆகிவிடுவதும் உண்டு. தேர்வில் அது கூடாது. முதல் பரிசோதனை, நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது, சிகிச்சை பலித்ததா என்று மதிப்பிடுவது ஆகிய மூன்றையும் நர்ஸ் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டுவது, நிலையாக இருப்பவரை நடக்க வைப்பது, குடித்ததையும் கழித்ததையும் அளந்து எழுதுவது போன்றவற்றை உதவியாளரிடம் விடலாம். கேள்வியில் வரும் ஆஸ்பத்திரியில் ஆளும் உண்டு, மருந்தும் உண்டு, நேரமும் உண்டு என்று எண்ணிக்கொண்டுதான் விடை சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு இதுவே பெரிய மனமாற்றம். "அங்கே அப்படி முடியாதே அக்கா" என்பார்கள். அங்கே முடியும் என்று வைத்துக்கொள் என்பதுதான் தேர்வின் நிபந்தனை.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வு புது வடிவில் நடக்கிறது. பழைய கைடுகளை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150. இவற்றில் 15 கேள்விகள் பரீட்சார்த்தமாக வைப்பவை. மதிப்பெண்ணில் சேராது, ஆனால் எவை என்று நமக்குத் தெரியாது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அதன்மேல் ஆறு கேள்விகள் என்று தொடர்கதை போல மூன்று வரும். ஆறு கேள்விகளும் ஆறு படிகள்: தடயங்களைக் கவனித்தல், பொருத்திப் பார்த்தல், எது முதல் ஆபத்து என்று வரிசைப்படுத்தல், செய்யக்கூடியவற்றை யோசித்தல், செய்தல், பலித்ததா என்று பார்த்தல். வள்ளுவரின் வரிசையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 68 வயது அம்மாள். காலை எட்டு மணிக் குறிப்பில் எல்லாம் சரி. பசி குறைவு, மலம் கழிக்கவில்லை, காயம் உலர்ந்திருக்கிறது, மகன் வெளியூரில் இருக்கிறார் என்று பக்கம் நிறையத் தகவல். பதினொரு மணிக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சு குத்துகிறது, நாடி 124, ஆக்சிஜன் 87. பக்கம் முழுவதையும் படிப்பவள் திணறுவாள். எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் மாறியது எது என்று தேடுகிறவளுக்கு நான்கு தடயங்கள் தனியே மேலெழும். காலை நீட்டிப் படுத்தே கிடந்தவர், எலும்பு அறுவை, திடீர் மூச்சுத் திணறல் என்று சேர்த்தால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பது முதல் சந்தேகம். நிமோனியாவாகவும் இருக்கலாம், ஆனால் அது பொதுவாக இப்படி நொடியில் வராது. தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுத்து, அவசரக் குழுவை அழைத்து, அருகிலேயே நின்று, ஆக்சிஜன் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கல் மருந்தைப் பிறகு பார்க்கலாம்.

பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு என்ற கேள்விகளில் முன்பெல்லாம் ஒன்று தப்பினாலும் பூஜ்யம். இப்போது சரியானவற்றுக்குப் பகுதி மதிப்பெண் உண்டு. தவறாகத் தொட்டதற்குக் கழிப்பார்கள், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரலாம் என்ற குறுக்கு வழி இதனால் அடைபட்டது.

கம்ப்யூட்டர் கேள்வி போடும் முறையையும் பெண்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வைவாவில் எக்ஸாமினர் என்ன செய்வார்? சரியாகச் சொன்னால் அடுத்ததைக் கடினமாகக் கேட்பார், திணறினால் எளிதாக்குவார். இதுவும் அப்படியே. உங்கள் தரம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அல்லது கீழே என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். ஆகவே கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் கலங்க வேண்டியதில்லை. விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்பதால், போனதை நினைத்துக்கொண்டிருப்பதும் வீண்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை, ஒரு நாளைக்கு இருநூறு கேள்வி பார்ப்பதைவிட முப்பது பாருங்கள். ஒவ்வொன்றிலும் சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் இப்போது வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த மூன்று வரிகளில்தான் பாடம் இருக்கிறது. விடை சரியாக அமைந்த கேள்விகளுக்கும் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் அமைந்ததா என்று அப்போதுதான் தெரியும். தமிழிலேயே யோசித்தால் தவறில்லை. எழுத்து ஆங்கிலம், எண்ணம் தமிழ் என்று இருக்கட்டும். மேலே சொன்ன தைராய்டு அம்மாளின் கதையை, படிக்காத உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.

'போன மாதம் வந்த கேள்விகள்' என்று பணத்துக்கு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மீறினால் முடிவையே ரத்து செய்ய இடமுண்டு. தவிர, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்விகள் வரும் தேர்வில் பிறர் கேள்வியை வாங்கி என்ன செய்வது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் டி.வி.யை நிறுத்திவிட்டு மகளைப் படிக்க விடுகிறீர்கள், அது பெரிய காரியம். கூடவே, எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று எந்தக் கேள்வியில் தப்பு செய்தாய், ஏன் என்று கேளுங்கள். மருத்துவம் தெரிய வேண்டாம். அவள் சொல்லும்போது "அது ஏன்?" என்று இரண்டு தடவை கேட்டாலே போதும். நைட் டியூட்டி முடித்து வந்த பெண்ணிடம் காலை எட்டு மணிக்கு இதைக் கேட்காதீர்கள், தூங்க விடுங்கள்.

தவறினாலும் கதவு மூடுவதில்லை. பொதுவாக 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தெந்தப் பகுதியில் தேர்ச்சிக் கோட்டுக்கு மேல், அருகில், கீழே என்று ஒரு அறிக்கையும் அனுப்புகிறார்கள். செம்பூர்ப் பெண் அதை வெட்கப்பட்டு மடித்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தோம். மருந்துகள் பற்றிய பகுதியில் கோட்டுக்கு மேலே இருந்தாள். யாரை முதலில் பார்ப்பது, யாரிடம் எதை ஒப்படைப்பது என்ற பகுதியில் கீழே. அவள் நோட்டுப் பையில் முக்கால்வாசி மருந்துகள்தான். பையை ஓரமாக வைத்துவிட்டு, அன்று ராத்திரி அவள் வார்டில் இருந்த பன்னிரண்டு நோயாளிகளை ஒரு காகிதத்தில் எழுதி, யார் முதலில், ஏன் என்று ஆரம்பித்தோம். அடுத்த தேதி வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.